பதினாலாம் நம்பர் கட்டில்

ஜூன் 11, 2023, ஞாயிறு

இன்று விண்ணப்பம் போட்டுவிட்டேன். மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை, இரண்டு வருடம். வேலையில் இருப்பவர்களுக்கென்றே வைத்திருக்கும் படிப்பு. பாடங்களைப் போனில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் கோயம்புத்தூர் போய் வகுப்பில் உட்கார வேண்டும். முடியாத பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடலாம்.

"ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம். நூறு சொற்களுக்குள் எழுத வேண்டுமாம். தரமான சேவை, சமூகப் பொறுப்பு என்று என்னவோ எழுதி நிரப்பினேன். உண்மையில் ஒரு சொல் போதும். சந்திரமௌலி.

ஜூன் 18

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பிறகு மறந்துவிட்டேன் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. கோபியில் இந்தத் தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். அதில் பதினோரு வருடம் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பாளர். சந்திரமௌலி இங்கே நிர்வாகி. முப்பத்தெட்டு வயது இருக்கும். நான் இப்போது சேரப்போகும் அதே படிப்பை முடித்துவிட்டு வந்தவன்.

பிப்ரவரி 9, மதியம் மூன்று நாற்பது. பதினாலாம் நம்பர் கட்டிலில் நாச்சிமுத்து என்பவர் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நிமோனியா. அந்தக் கட்டிலின் பக்கக் கம்பி கொண்டி உடைந்து நிற்காமல் விழும். ரிப்பேர் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் வரவில்லை. பேண்டேஜ் துணியால் கட்டிவைத்திருந்தோம். அன்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கம்பி விழுந்தது, அவரும் விழுந்தார். தலையில் அடி. நான்காம் நாள் இறந்துபோனார்.

அன்று நான் பணியில் இருந்தேன். வார்டில்தான் இருந்தேன்.

அவர் இறந்த அடுத்த நாள் சந்திரமௌலி என்னைக் கூப்பிட்டான். அவன் மேசைமேல் ரிப்பேர் பதிவேடு இருந்தது. புத்தம் புதிய நோட்டு. மற்ற வார்டுகளின் பழைய தேதிகள் எல்லாம் ஒரே பேனாவில் திரும்ப எழுதப்பட்டிருந்தன. என் மூன்று பதிவுகள் மட்டும் இல்லை.

பிறகு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி ஒன்றைக் காட்டினான். அது இங்கே தேவையில்லை.

"சிஸ்டர், கம்பியைத் தூக்கி விட மறந்துட்டேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இது என் பீரோவுக்குள்ளயே இருக்கும். போலீஸ், நர்சிங் கவுன்சில்னு எங்கயும் போகாது."

அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இறந்தவரின் மகளிடம் அவன் வேறு கதை சொன்னான். "உங்கப்பா சொல்பேச்சுக் கேக்காம எந்திரிச்சுட்டாரும்மா" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மார்ச்சில் என்னை வார்டிலிருந்து எடுத்து, ஜெனரேட்டருக்குப் பின்னால் இருக்கும் பழைய ஆவண அறைக்கு மாற்றினான். ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "நோயாளியைப் பாக்கறது உங்க வேலை சிஸ்டர். சிஸ்டத்தைப் பாக்கறது எங்க வேலை. அதுக்குத்தான் படிச்சுட்டு வந்திருக்கோம்."

சரி. நானும் படித்துவிட்டு வருகிறேன்.

ஜூலை 16

முதல் வகுப்பு. முப்பத்திரண்டு பேர். என்னைவிட மூத்தவர் ஒரே ஒருவர்தான், அவரும் முதல் இடைவேளையோடு போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்தவள் பெனாசிர், பொள்ளாச்சியில் ரத்த வங்கி டெக்னீஷியன். எதற்காகப் படிக்க வந்தோம் என்று எல்லோரும் சொல்ல வேண்டியிருந்தது. பதவி உயர்வு என்று சொன்னேன்.

"பொய் சொல்றப்ப கீழ பாக்காதீங்கக்கா" என்று பெனாசிர் காதருகில் சொன்னாள். வந்த முதல் நாளே இப்படிப் பேசுகிறாள்.

ஆகஸ்ட் 22

காலை ஐந்து மணிக்கு எழுந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடம் கேட்கிறேன். இயர்போன் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாரு புள்ள அது, சமையக்கட்டுல நின்னு இங்கிலீஷ்ல திட்டறது?" என்று படுக்கையிலிருந்தே கேட்டார் என் வீட்டுக்காரர் லோகநாதன். மில்லில் எலக்ட்ரீஷியன். இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்தவரை எழுப்பிவிட்டேன்.

"திட்டலீங்க. மனிதவள மேம்பாடு."

"திட்டற மாதிரியேதான் இருக்குது."

செப்டம்பர் 6

நான் படிப்பது சந்திரமௌலிக்குத் தெரிந்துவிட்டது. ஆவண அறைக்கே வந்து நின்றான். "கேள்விப்பட்டேன் சிஸ்டர். ரொம்பச் சந்தோசம். என்னோட புக்ஸெல்லாம் சும்மாதான் கிடக்குது, கொண்டுவந்து தர்றேன்."

மாலையில் பியூனிடம் ஒரு பை கொடுத்தனுப்பினான். ஐந்து புத்தகங்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பிறகு வைத்துக்கொண்டேன். எதிரி எதைப் படித்தான், எதை விட்டான் என்று தெரிவது நல்லதுதானே.

நிதி மேலாண்மைப் புத்தகம் முழுக்கக் கோடு போட்டிருக்கிறான். நோயாளிப் பாதுகாப்பு பற்றிய அத்தியாயம் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மனசுக்கு ஒரு குளிர்ச்சி.

அக்டோபர் 23

ஆயுத பூஜை. அவனுடைய புதுக் காருக்கு மாலை போட்டார்கள். வெள்ளைக் கார்.

ஜனவரி 9, 2024

லோகநாதனுக்கு டெங்கு. எங்கள் மருத்துவமனையில்தான் சேர்த்திருக்கிறேன். ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது. வரும் ஞாயிறு எழுத வேண்டிய தேர்வில் ஒன்றை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட்டேன். போனில் இரண்டு தட்டு, முடிந்தது. இப்படி ஒரு வசதி இல்லாவிட்டால் என் படிப்பு இத்தோடு நின்றிருக்கும்.

அவன் தினமும் வந்து பார்க்கிறான். இன்று இரண்டு முறை வந்தான். "லீவு பத்தி யோசிக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். லோகநாதன் அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நல்லவன் வேஷம்.

பிப்ரவரி 9

ஒரு வருடம். மூன்று நாற்பதுக்கு ஆவண அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவன் செய்ததை நினைத்துக்கொண்டு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றைய பாடம்: மூல காரண ஆய்வு. ஒரு விபத்தை எடுத்துக்கொண்டு ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போக வேண்டும். பாடம் எடுத்த அபிநயா மேடத்துக்கு என் வயதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். "யார்னு கேக்காதீங்க, ஏன்னு கேளுங்க. ஆளைத் தேடினா ஒரு ஆளோட நின்னுடும்" என்றார்.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "யாருன்னே கேக்காம விட்டா, செஞ்சவன் தப்பிச்சுக்குவானுங்களே மேடம்?"

அவர் சொன்னார்: "ஏன்னு கடைசி வரைக்கும் கேட்டுப் பாருங்க. யாரும் தப்பிக்க மாட்டாங்க."

வரும் வழியில் பஸ்ஸில் போட்டுப் பார்த்தேன். நாச்சிமுத்து ஏன் விழுந்தார்? கம்பி நிற்கவில்லை. ஏன்? கொண்டி உடைந்திருந்தது. ஏன் சரிசெய்யவில்லை? நிர்வாகம் தள்ளிப்போட்டது. ஏன்? ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கும் அங்கீகாரக் குழு வருகிறது என்று வரவேற்பறைக்குக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தார்கள். அருமையாக அவனிடம் போய் முடிகிறது.

இன்னொரு கிளையும் இருக்கிறது. அவர் ஏன் தானாக எழுந்தார்?

பஸ் நம்பியூர் வந்துவிட்டது, இனிக் கோபி பக்கம்தான். நோட்டை மூடினேன்.

நவம்பர் 19

கிடைத்துவிட்டது!

ரிப்பேர் கேட்டு எழுதும் சீட்டுக்குக் கார்பன் வைத்து ஒரு பிரதி எடுப்போம். மேல் தாள் நிர்வாக அலுவலகத்துக்குப் போகும். அங்கே முத்திரை வாங்கிய பிரதி, ரோஸ் நிறத்தாள், வார்டு ஃபைலில் இருக்கும். பழைய வார்டு ஃபைல்கள் எல்லாம் மூட்டை கட்டி எங்கே வரும்? என் ஆவண அறைக்கு. தண்டனை என்று நினைத்து அவனே சாவியை என் கையில் கொடுத்திருக்கிறான்.

இருபது மாதமாக மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்தேன். தும்மல், தூசி, கரப்பான். இன்று மதியம், மகப்பேறு வார்டு என்று தப்பாக எழுதியிருந்த மூட்டையில் மூன்றும் இருந்தன. மூன்றிலும் அலுவலக முத்திரை. இரண்டாவதில் அவன் கையெழுத்திலேயே குறிப்பு: "அங்கீகாரக் குழு வந்துபோன பிறகு பார்க்கலாம்."

நின்ற இடத்திலேயே சிரித்தேன். சாப்பாட்டுப் பையைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை.

ஜனவரி 8, 2025

கடைசிப் பருவத்துக்கு வேலை பார்க்கும் இடத்திலேயே ஓர் ஆய்வு செய்ய வேண்டும். நிர்வாகியின் அனுமதி தேவை. தலைப்பைப் படித்ததும் அவன் பேனா நின்றது. "நோயாளிகள் கீழே விழுதல்: ஒரு மூல காரண ஆய்வு."

"எந்த வருசத்து டேட்டா சிஸ்டர்?"

"மூணு வருசத்துதுங்க சார்."

"பேர் எதுவும் வராதில்ல?"

"பேர் போடக் கூடாதுன்னு எங்களுக்குப் பாடமே இருக்குதுங்க சார்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் கீழே பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

மார்ச் 9, ஞாயிறு

பெனாசிரிடம் வரைவைக் கொடுத்தேன். வகுப்பு முடிந்து கேண்டீனில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள்.

"அக்கா, அந்த நேரத்துல வார்டுல யாரு இருந்தது?"

"நாந்தான்."

"அப்ப அவரு எந்திரிக்கறத நீங்க பாக்கலையா?"

டீ ஆறிவிட்டது என்றேன்.

"டீய விடுங்க. இவ்வளவு பெரிய ஓட்டைய வெச்சுட்டு நீங்க உங்க நிர்வாகிய மாட்ட வெக்கப் பாக்கறீங்க. இதே ஓட்டை வழியா அவரு நடந்து வெளிய போயிருவாரு."

அவளோடு பேசாமல் பஸ் ஏறினேன்.

மார்ச் 12

எதுவும் எழுதத் தோன்றவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நான் வார்டில் இல்லை. பின்பக்கப் படிக்கட்டில் இருந்தேன். தங்கை போன் செய்திருந்தாள். அவளுடைய வளைகாப்புக்கு என்ன நிறத்தில் புடவை எடுப்பது என்று கேட்டாள். மாம்பழ மஞ்சளா, பச்சையா. பதினெட்டு நிமிடம் பேசினேன். இருபத்தாறு நோயாளிகளுக்கு ஒரே ஒரு பயிற்சி நர்ஸ், அவளும் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

போன் வந்தபோது நாச்சிமுத்து சிறுநீர்க் குடுவை கேட்டார். "வர்றேனுங்க, ஒரு நிமிசம்" என்று நடந்தேன். படிக்கட்டுக் கதவருகே போனபோது திரும்பவும் கூப்பிட்டார். போனைக் காதில் வைத்தபடியே ஐந்து விரலைக் காட்டினேன். ஐந்து நிமிடம் என்று. அவர் தலையாட்டினார். அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

சந்திரமௌலி திரையில் காட்டியது வராந்தா கேமராவில் பதிந்த அந்தப் பதினெட்டு நிமிடம்தான். அதைக் காட்டித்தான் எழுதி வாங்கினான்.

இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து யோசிக்கிறேன், அவனை எப்படி வீழ்த்துவது என்று. இன்றுதான் வழி தெரிகிறது. அவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தப் பதினெட்டு நிமிடம். அதை நானே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால் அவன் வெறுங்கையோடு நிற்பான். நானும் போவேன். போகட்டும். அவன் போகிறான் அல்லவா?

இதை மனசாட்சி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். மனசாட்சி இருந்திருந்தால் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் சொல்லியிருப்பேன்.

மார்ச் 17

லோகநாதனிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பல்லையும் உரித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"வேல போயிரும்."

"தெரியுமுங்க."

"அது கெடக்குது. எங்கூடத்தான இருக்கற, இத எங்கிட்டச் சொல்றதுக்கு ரெண்டு வருசமா?"

பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆய்வை முதலில் மருத்துவமனை நிர்வாகத்தின் முன் சமர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. கூட்ட அறையில் ஒன்பது பேர். மருத்துவமனையின் சொந்தக்காரர் பெரிய டாக்டரம்மா மரகதவல்லி நடுவில். பல்கலைக்கழகத்திலிருந்து அபிநயா மேடம். முதல் வரிசை ஓரத்தில் சந்திரமௌலி, எப்போதும்போல் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில்.

பெயர் எதையும் சொல்லவில்லை. "நோயாளி அ" என்றேன். முதல் ஏன். இரண்டாவது ஏன். கொண்டி உடைந்த கம்பியின் படம். மூன்றாவது ஏனுக்கு ரோஸ் நிறத்தாள்கள் மூன்றும் திரையில் வந்தன. டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குறிப்பைப் படித்தார். பக்கத்திலேயே, ஆவண அறைக்கு வந்துசேர்ந்திருந்த, என் மூன்று பதிவும் இல்லாத புதுப் பதிவேட்டின் பக்கத்தையும் வைத்திருந்தேன்.

"இது யாரோட கையெழுத்து?" என்றார்.

அவன் எழுந்துவிட்டான். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. "டாக்டர், இவங்க சொல்றதையே கேக்காதீங்க. அந்த நேரத்துல இவங்க எங்க இருந்தாங்கன்னு கேளுங்க. எங்கிட்ட வீடியோ இருக்குது!"

இரண்டு வருடம் காத்திருந்த நொடி. அவசரப்படாமல் பொத்தானை அழுத்தினேன்.

"அதுக்கும் ஒரு பக்கம் இருக்குதுங்க சார். உக்காருங்க."

திரையில் வந்தது: நோயாளி தானாக ஏன் எழுந்தார்? இரண்டு முறை உதவி கேட்டும் கிடைக்கவில்லை. ஏன்? பொறுப்பு நர்ஸ் சொந்த விஷயமாகப் போனில் பேசப் பதினெட்டு நிமிடம் வார்டை விட்டு வெளியே இருந்தார். "அந்த நர்ஸ் நான்தாங்க" என்றேன். பெயர் போடக் கூடாது என்ற விதியை அந்த ஒரு இடத்தில் மீறினேன்.

அவன் உட்காரவில்லை. நிற்கவும் தெரியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மறக்க விரும்பவும் இல்லை.

ஏப்ரல் 28

இருவரையும் ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். அவனை முதலில், காலை பத்து மணிக்கு. என்னைப் பதினொன்றுக்கு.

"இருபத்தொரு வருசம் ஆச்சு. உன்னைய என் பொண்ணு மாதிரிதான் நெனச்சேன் திலகமணி" என்றார் டாக்டரம்மா. "நடந்தது நடந்துபோச்சு. வெளிய போக வேண்டாம். ஆஸ்பத்திரி பேரு கெட்டுப்போயிரும்."

சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவன் காரில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து நின்றான். "மூணு பேருக்குப் பதில் சொல்லணும் சிஸ்டர் நான். வீட்டுக்காரிக்கு, ரெண்டு பிள்ளைகளுக்கு. இப்பத் திருப்திதானுங்களா?"

"இன்னும் இல்லீங்க" என்றேன்.

மே 4, ஞாயிறு

நாச்சிமுத்துவின் மகள் கோகிலவாணி சத்தியமங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். முகவரி ஆவண அறையில் எப்போதும் இருந்ததுதான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "வாங்க சிஸ்டர்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த மரியாதை கொஞ்ச நேரத்தில் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, சீட்டு, பதிவேடு. பிறகு படிக்கட்டு. மிஷினை நிறுத்திவிட்டு அசையாமல் கேட்டாள்.

"அப்ப எங்கப்பா சொல்பேச்சுக் கேக்காம எந்திரிக்கல."

"இல்லீங்க. கேட்டாருங்க. ரெண்டு தடவ கேட்டாரு."

"ரெண்டு தடவயா?" கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "எங்கப்பா யாருகிட்டயும் எதையும் ரெண்டாவது தடவ கேக்க மாட்டாருங்க. பெத்த பொண்ணு எங்கிட்டக் கூடக் கேக்க மாட்டாரு. எவ்வளவு முடியாம இருந்திருந்தா கேட்டிருப்பாரு!"

அழுதாள். நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு அங்கே உரிமை இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அளவு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். "இப்பச் சொன்னதெல்லாம் எழுதிக் குடுங்க."

அவள் வெட்டுமேசையில் வைத்தே எழுதினேன். முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். கோகிலவாணி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள்.

"எல்லாத்தையும் நீங்களே வந்து சொல்லிட்டீங்கன்னு உங்கள விட்டுருவேன்னு நெனைக்காதீங்க."

"விட வேண்டாமுங்க."

"ரெண்டு வருசமா எங்கப்பாவத்தான் திட்டிட்டு இருந்தேன். ஏன் எந்திரிச்சீங்க, ஏன் எந்திரிச்சீங்கன்னு போட்டோவப் பாத்துத் திட்டுவேன். அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

அதற்கு ஒன்றும் பண்ண முடியாது என்று அவளுக்கும் தெரியும். கதவுவரை வந்தாள். வழியனுப்ப அல்ல, நான் போய்விட்டேனா என்று பார்க்க. திரும்பிப் பார்த்தபோது அவள் கண்களில் இருந்தது எனக்கு ரொம்பப் பழக்கமானது. அதை வைத்துக்கொண்டு ஒருத்தியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஜூன் 22

பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இந்த ஆய்வால் உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டார். வேலை போனது என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பெனாசிர் சிரிக்கவில்லை.

ஜூலை 30

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. பக்கவாதம் வந்த ஒருவர், நல்லகவுண்டன்பாளையத்தில். அவர் வாய் திறந்தால் போதும், எழுந்துவிடுகிறேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர், கொட்டாவி" என்கிறார்.

செப்டம்பர் 11

தபால்காரர் இன்று இரண்டு பதிவுத் தபால் கொண்டுவந்தார். ஒன்று பெரியது, தடித்த அட்டை வைத்தது. பட்டம் என்று மேலே பார்த்தாலே தெரிந்தது. லோகநாதன் அதை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

நான் மற்றதைப் பிரித்தேன். ஈரோடு நுகர்வோர் குறைதீர் ஆணையம். மனுதாரர் நா. கோகிலவாணி. இத்தனை நாள் கழித்து வந்ததற்குக் காரணம், உண்மை மறைக்கப்பட்டது என்று கூடவே ஒரு மனு. எதிர்தரப்பினர் மூன்று பேர். ஒன்று, மருத்துவமனை. இரண்டு, சந்திரமௌலி. மூன்று, திலகமணி.

அவன் பெயரை இரண்டு முறை படித்தேன். என் பெயரை ஒரு முறை.

"வக்கீல் பாக்கணுமா?" என்று கேட்டார் லோகநாதன்.

"எனக்கெதுக்குங்க வக்கீல்? நான் எதையும் மறுக்கப் போறதில்ல. வேணுமின்னா அவன் வெச்சுக்கட்டும்."

முதல் விசாரணை அக்டோபர் 16, காலை பத்தரை மணி. கோபியிலிருந்து ஏழு மணி பஸ்ஸில் போனால் போதும். நான் ஆறு மணி பஸ்ஸில் போவேன். அவன் உள்ளே வரும்போது நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.